மனநல ஆலோசகரிடம் போகுமுன் அறிய வேண்டியவை

வேத ஆராய்ச்சிப் பாடம்
தியானப் பகுதி: 1 இராஜாக்கள் 19:1-18



ஆராதனை முடிந்து எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது, சிலர் மட்டும் தயங்கித் தயங்கி நின்று என்னிடத்தில் கேட்கிற ஒரு கேள்வி உண்டு. "பாஸ்டர், டாக்டர் என்னை சைக்காலஜிஸ்ட்கிட்ட போகச் சொல்றாரு. போகலாமா? போனா விசுவாசக் குறைவு ஆயிடாதா?" சர்க்கரைக்கு மாத்திரை வாங்குகிறவர் இப்படிக் குரலைத் தாழ்த்திக் கேட்பதில்லை. கண்ணாடி போடுகிறவர் கேட்பதில்லை. மனசு என்று வந்தால் மாத்திரம் நமக்கு வெட்கம் வந்துவிடுகிறது. "கீழ்ப்பாக்கம் கேஸு" என்று சினிமா பார்த்துச் சிரித்துப் பழகிய ஊர் அல்லவா நம்முடையது?

ஆகவே இந்த மாதம் இதையே பாடமாக எடுத்துக்கொள்ளுவோம். போகலாமா என்பதற்கு வேதத்திலிருந்து சுருக்கமாகப் பதில் பார்த்துவிட்டு, எப்படிப் போக வேண்டும், யாரிடம் போக வேண்டும், அங்கே என்ன நடக்கும் என்பதை விரிவாகப் பார்ப்போம். பலர் பயப்படுவது இந்த இரண்டாவது காரியம் தெரியாததினால்தான்.

எலியாவுக்கு கர்த்தர் செய்த சிகிச்சை

கர்மேல் பர்வதத்தில் அக்கினியை இறக்கின அதே மனுஷன், அடுத்த அதிகாரத்தில் சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து சாவு வேண்டுமென்று கேட்கிறான். அவனுக்கு அபிஷேகம் குறைந்துவிட்டதா? இல்லை, அவன் களைத்துப்போனான். கர்த்தர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டார். தூதனை அனுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்கவிட்டார், மறுபடியும் கொடுத்தார். பிரசங்கம் அதற்குப் பிறகுதான்!

கெபியில் நடந்ததைக் கவனியுங்கள். இங்கே உனக்கு என்ன காரியம் என்று கேட்டு, எலியாவைப் பேசவிடுகிறார். அவன் தன் மனக்குறையைக் கொட்டுகிறான். காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி எல்லாம் கடந்துபோன பின்பு அதே கேள்வியை மறுபடியும் கேட்கிறார். எலியாவும் அதே பதிலையே திரும்பச் சொல்லுகிறான் (10-ஆம் வசனத்தையும் 14-ஆம் வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப்பாருங்கள்). "இதைத்தான் முதலிலேயே சொன்னாயே" என்று கர்த்தர் அவனை அடக்கவில்லை. முழுவதும் கேட்டார். கேட்ட பிறகு, அவன் நினைத்தபடி அவன் தனி ஆள் அல்ல, 7,000 பேர் இருக்கிறார்கள் என்று காட்டினார். செய்ய ஒரு வேலை கொடுத்தார். துணைக்கு எலிசாவைக் கொடுத்தார். தூக்கம், சாப்பாடு, பேசவிடுதல், தவறான எண்ணத்தைத் திருத்துதல், வேலை, துணை. நல்ல மனநல ஆலோசகர் கவனிக்கிற காரியங்களும் ஏறக்குறைய இவைகளே.

"பாஸ்டர், இது பிசாசின் கட்டு இல்லையா?" என்று கேட்பீர்கள். பிசாசு உண்டு, விடுதலை ஊழியமும் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் மத்தேயு 4:24-ல் பிசாசுபிடித்தவர்களையும் சந்திரரோகிகளையும் திமிர்வாதக்காரரையும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறது. வேதமே பிரித்துச் சொல்லுகிறதை நாம் ஏன் ஒன்றாகச் சேர்க்கிறோம்? லூக்கா வைத்தியனாகவே பவுலோடே ஊழியம் செய்தான். எசேக்கியா ராஜாவுக்குக் கர்த்தர் சுகம் வாக்குக்கொடுத்தார், பிளவையின்மேல் அத்திப்பழ அடையும் வைக்கப்பட்டது.

சார்லஸ் ஸ்பர்ஜனை எல்லாருக்கும் தெரியும். 1856 அக்டோபர் 19 அன்று, அவருக்கு வயது 22, லண்டன் சர்ரே கார்டன்ஸ் மண்டபத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடியிருக்க, யாரோ தீ என்று பொய்யாகக் கத்தினார்கள். நெரிசலில் 7 பேர் மரித்தார்கள். அதற்குப் பிறகு மனச்சோர்வு அவரை வாழ்நாளெல்லாம் விட்டுவிட்டு வாட்டியது. அதை அவர் மறைக்கவில்லை, தன் வேதாகமக் கல்லூரி மாணவர்களுக்கு அதைப் பற்றியே ஒரு விரிவுரை கொடுத்தார். நான் டிப்ளமா படித்த காலத்தில் ஸ்பர்ஜனின் பிரசங்கக் குறிப்புகளைக் காப்பி எடுத்தவர்கள் அநேகர். இந்த விரிவுரையைக் காப்பி எடுத்தவர்களை நான் பார்க்கவில்லை.

யாரிடம் போவது?

இங்கேதான் குழப்பம். மூன்று விதமானவர்கள் உண்டு. சைக்கியாட்ரிஸ்ட் என்கிற மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்குமேல் மனநல மருத்துவம் படித்தவர். மாத்திரை எழுதுகிறவர் அவரே. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பவர் மருத்துவர் அல்ல. உளவியலில் முதுகலை முடித்து, பெரும்பாலும் எம்.ஃபில். இரண்டு வருடம் மருத்துவமனையில் பயிற்சி எடுத்தவர். மாத்திரை எழுதமாட்டார், பேசிச் செய்கிற சிகிச்சையையும் மனநலப் பரிசோதனைகளையும் செய்வார். இவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்திருக்க வேண்டும். "ஐயா, உங்க ஆர்.சி.ஐ. நம்பர் என்ன?" என்று தைரியமாகக் கேட்கலாம். உண்மையானவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

மூன்றாவது, கவுன்சலர். இந்தப் பெயரைப் பலரும் போட்டுக்கொள்ளுகிறார்கள். நன்றாகப் படித்தவரும் உண்டு, இரண்டு நாள் செமினாருக்குப் போய் சர்டிபிகேட் வாங்கி போர்டு மாட்டினவரும் உண்டு. அதில் ஊழியக்காரரும் அடக்கம், சொல்லத்தான் வேண்டும். என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி பெற்றீர்கள் என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். குடும்பச் சண்டைக்கும் துக்கத்துக்கும் நல்ல கவுன்சலர் போதுமானவர். ஆனால் பல நாள் தூக்கமில்லை, யாரோ பேசுகிறது கேட்கிறது, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்றால் முதலில் மனநல மருத்துவரிடம் போங்கள்.

அதற்கும் முன்னே, தைராய்டும் இரத்தமும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். தைராய்டு குறைந்தாலும், இரத்தசோகை இருந்தாலும், பி-12 குறைந்தாலும் மனச்சோர்வு போலவே இருக்கும்.

பணமில்லையே என்று நிற்காதேயுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் 1957-ல் தொடங்கின மனநல மையத்தை நடத்திவருகிறது. நோயாளியோடே வீட்டார் ஒருவரும் தங்கியிருப்பது அங்கே ஆரம்பமுதல் உள்ள பழக்கம். எங்கும் போக முடியாதவர்களுக்கு டெலி மானஸ் என்கிற அரசு தொலைபேசி உதவி 2022 அக்டோபர் 10 முதல் இருக்கிறது. எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், கட்டணமில்லை. இந்த எண்ணை வேதாகமத்தின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

மதம் மாறுபட்ட டாக்டரிடம் போகலாமா? கண் ஆபரேஷனுக்குப் போகும்போது நாம் இதைக் கேட்பதில்லையே. ஆனால் உங்கள் விசுவாசத்தை அவருக்கு முதலிலேயே விளக்கிவிடுங்கள். நான் உபவாசம் இருப்பேன், அந்நியபாஷையில் ஜெபிப்பேன், எங்கள் சபையில் இது வழக்கம் என்று சொல்லிவிட்டால், இதை நோயின் அறிகுறி என்று அவர் தவறாக எடுக்கமாட்டார். விசுவாசத்தைப் பரிகாசம் பண்ணுகிறவர் என்றால் வேறொருவரிடம் போங்கள். அதேபோல, மூன்றே சிட்டிங்கில் குணம் என்று கியாரண்டி கொடுக்கிறவர், ஹிப்னாடிசம் செய்து முற்பிறவியைக் காட்டுகிறேன் என்கிறவர், சிகிச்சை அறைக்கு வெளியே சந்திக்கக் கூப்பிடுகிறவர், தேவையில்லாமல் தொடுகிறவர் ஆகிய இவர்களைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

முதல் நாள்

சாதாரணமாக முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம். அன்றைக்கு எல்லாம் கேள்விகளே. தூக்கம் எப்படி, பசி எப்படி, சிறுவயது எப்படி, வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா, குடி உண்டா, சாக வேண்டுமென்ற நினைவு வந்ததா என்று கேட்பார். இந்தக் கடைசி கேள்விக்குப் பலர் திடுக்கிடுகிறார்கள். கேட்டால் அந்த நினைவு வந்துவிடும் என்பது தவறு. கேட்டால் பாரம் இறங்கும். உண்மையைச் சொல்லுங்கள். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயம் வேண்டாம். 2017-ஆம் வருடத்து மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309-ஆம் பிரிவே இல்லை.

போகும்போது இப்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரையின் அட்டையையும், பழைய சீட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். நாட்டு மருந்தும் சொல்லுங்கள். அழுகை வந்தால் அழுங்கள், அந்த மேஜையில் அதற்காகவே டிஷ்யூ வைத்திருப்பார்கள்.

அவர் நமக்கு உடனே புத்தி சொல்லுவார் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். "ஒண்ணுமே சொல்லலை பாஸ்டர், நான் பேசினதைக் கேட்டுக்கிட்டே இருந்தாரு, அதுக்கு ஒரு பீஸு!" என்று ஒருவர் சலித்துக்கொண்டார். அதுதான் ஐயா முதல் நாள். பிறகு வாரம் ஒருமுறை போக வேண்டியிருக்கும். சி.பி.டி. என்கிற முறையில் பொதுவாகப் பன்னிரண்டு முதல் இருபது முறை ஆகலாம். வீட்டுப்பாடம்கூட கொடுப்பார். நான் எதற்கும் உதவாதவன் என்று மனதில் வருகிற எண்ணத்தை நோட்டில் எழுது, அதற்கு ஆதாரம் என்ன, எதிரான ஆதாரம் என்ன என்று எழுது, இப்படி. எழுதாமல் போனால் பலன் குறையும். நடுவில் சில நாள் பாரம் கூடினதுபோலவும் இருக்கும், பழைய புண்ணைத் திறக்கிறோம் அல்லவா? அதையும் அவரிடத்திலேயே சொல்லுங்கள். நாலைந்து முறை போயும் இவரோடு ஒத்துப்போகவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம், அது துரோகமல்ல.

சகோதரிகளே, பெண் ஆலோசகர் வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. புருஷனோ மாமியாரோ கூட வந்தாலும், கொஞ்ச நேரம் தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். பிரசவித்த தாய் இரண்டு வாரத்துக்கு மேலும் அழுதுகொண்டே இருந்தால், குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால், அதைச் சோம்பல் என்றோ சாபம் என்றோ சொல்லாமல் கூட்டிக்கொண்டு போங்கள்.

சொன்னது வெளியே போகுமா?

சொன்னதை இரகசியமாகக் காப்பது அவருடைய சட்டபூர்வமான கடமை. உங்கள் வீட்டாருக்கோ, முதலாளிக்கோ, எனக்கோ அவர் சொல்லக்கூடாது. நான் போன் பண்ணி "எங்க விசுவாசிக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாலும், உங்கள் சம்மதமில்லாமல் அவர் சொல்லாவிட்டால், அவர் சரியான ஆள் என்று அர்த்தம். விதிவிலக்குகளும் உண்டு. உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து இருந்தால், கோர்ட் கேட்டால், அவர் சொல்ல வேண்டியிருக்கும். குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்ததென்று தெரிந்தால், 2012-ஆம் வருடத்து போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். அந்தக் கடமை எனக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு.

ஆவிக்குரியதுபோல் தோன்றும் மூன்று நோய்கள்

இதைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். நம்மைப்போன்ற சபைகளில் அதிகமாகத் தவறு நடக்கிறது இங்கேதான்.

ஒரு வாலிபன் ஜெபிக்கும்போது, பரிசுத்த ஆவியானவரைத் தூஷிக்கிற வார்த்தை அவன் விரும்பாமலே மனதில் ஓடுகிறது. நடுங்குகிறான். மன்னிப்புக் கேட்கிறான், மறுபடி வருகிறது, மறுபடி மன்னிப்பு. நாளைக்கு நாற்பது முறை. போதகரிடம் வந்து, "நான் மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துட்டேனா?" என்கிறான். இல்லை தம்பி என்றால் ஒரு மணி நேரம் சமாதானம். பிறகு மறுபடியும் வருகிறான். இது ஓ.சி.டி. என்கிற எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வகை. அந்த எண்ணத்தைக் கண்டு நடுங்குகிறவன் அதை விரும்பவில்லை என்பது தெளிவு. மோட்ச பிரயாணம் எழுதிய ஜான் பன்யனே, 1666-ல் வெளிவந்த தன் சாட்சிப் புஸ்தகத்தில், கிறிஸ்துவை மறுதலிக்கத் தூண்டுகிற எண்ணம் இரவும் பகலும் தன்னை அடித்ததை விவரித்திருக்கிறார்.

இதற்கு நல்ல சிகிச்சை உண்டு. ஆனால் அந்தச் சிகிச்சை உங்களுக்கு முதலில் இடறலாகத் தோன்றும். எண்ணம் வந்தால் வரட்டும், உடனே மன்னிப்புக் கேட்காதே, போதகரிடம் திரும்பத் திரும்பக் கேட்காதே என்று ஆலோசகர் சொல்லுவார். "ஐயோ, ஜெபிக்காதே என்கிறாரே!" என்று எழுந்து வந்துவிடாதேயுங்கள். அவர் ஜெபத்தை நிறுத்தவில்லை, பயத்தினால் செய்கிற நாற்பதாவது திரும்பச்சொல்லுதலை நிறுத்துகிறார். ஒவ்வொரு முறை ஆறுதல் கிடைக்கும்போதும் அந்த நோய்க்குத் தீனி கிடைக்கிறது. ஆகவே இப்படிப்பட்டவருக்குப் போதகரும் ஒருமுறை தெளிவாகப் பதில் சொல்லிவிட்டு, பிறகு பொறுத்திருக்கப் பழக வேண்டும். விருப்பமானால் ஆலோசகர் சந்திப்பு ஒன்றுக்கு உங்கள் போதகரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இரண்டாவது, எழுப்புதல்போலத் தோன்றுகிற வெறி. நாலு நாளாகத் தூங்கவில்லை, களைப்பும் இல்லை. பேச்சு நிற்பதில்லை. உலகமே தன் ஊழியத்தினால் மாறப்போகிறது என்கிறார். கையிலுள்ள பணத்தையெல்லாம் கொடுக்கிறார், கடன் வாங்கியும் கொடுக்கிறார். தடுத்தால் கோபம் கொப்பளிக்கிறது. முழு இராத்திரி ஜெபம் செய்தவர் மறுநாள் தூங்குவார். தூக்கமே தேவைப்படாதவரைக் கண்டால் சாட்சி சொல்ல மேடை கொடுக்காதேயுங்கள், அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இது பைபோலார் நோயாக இருக்கலாம்.

மூன்றாவது, சத்தம் கேட்பது. கர்த்தர் பேசுகிறார் என்பது நம் விசுவாசம். ஆனால் இடைவிடாமல் திட்டுகிற சத்தம், உன்னையோ பிள்ளையையோ கொல்லு என்கிற சத்தம், சாப்பாட்டில் விஷம் வைத்திருக்கிறார்கள் என்கிற சத்தம் கர்த்தருடையது அல்ல. அதைச் சோதிக்கக் கூடுகைக்குக் காத்திருக்க வேண்டாம். அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது இது.

2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் மரித்தார்கள். அது வேறு மார்க்கத்தார் நம்பிப் போகிற இடம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. ஜெபவீடு என்று பெயர் வைத்துக் கட்டிப்போட்டாலும், பட்டினி போட்டு அடித்தாலும், அதுவும் அதே பாவமே. இப்போது எந்த விதத்திலும் மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைச் சட்டமே தடுத்திருக்கிறது.

மாத்திரையும் உபவாசமும்

பேச்சுச் சிகிச்சையோடு மருத்துவர் மாத்திரையும் கொடுத்தால், மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். ஒரு வாரத்தில் ஒன்றும் ஆகலையே என்று விடாதேயுங்கள். தூக்க மாத்திரைகளில் சில பழக்கமாகிவிடும், ஆகவே டாக்டர் சொன்ன நாளுக்குமேல் கடையில் நீங்களாக வாங்காதேயுங்கள். மனச்சோர்வு மாத்திரை அப்படிப்பட்ட போதைப் பழக்கம் உண்டாக்குவதல்ல, ஆனாலும் திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றலும் படபடப்பும் வரும். சுகம் கிடைத்தது என்று சாட்சி சொல்லிவிட்டு மேடையிலேயே மாத்திரையைத் தூக்கிப்போடுகிறதை நான் அங்கீகரிப்பதில்லை. சுகமானது உண்மையானால் டாக்டரே பார்த்துக் குறைப்பார். குஷ்டரோகியைச் சுகமாக்கின ஆண்டவர் அவனை ஆசாரியனிடத்தில் போய்க் காண்பிக்கச் சொன்னாரே.

லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தண்ணீரில்லா உபவாசம் உங்களுக்கு ஆபத்து. உடம்பில் நீர் குறைந்தால் அந்த மருந்து இரத்தத்தில் ஏறி விஷமாகும். உபவாச ஜெபத்துக்கு வாருங்கள், கஞ்சியும் தண்ணீரும் குடித்துவிட்டு வாருங்கள், யாரும் கேட்கமாட்டார்கள். மற்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்டு உபவாசியுங்கள்.

வீட்டாருக்கும் சபையாருக்கும்

ஒருவர் போய்விட்டு வந்தால், "என்ன கேட்டாரு, என்னைப் பத்திச் சொன்னியா?" என்று விசாரிக்காதேயுங்கள். காப்பி போட்டுக் கொடுங்கள், போதும். ஜெபக்குறிப்பு என்ற பெயரில் அவர் பெயரையும் நோயையும் கூட்டத்தில் அறிவிக்காதேயுங்கள். அவரே கேட்டுக்கொண்டால் மட்டும் சொல்லலாம். கலியாணப் பேச்சு நடக்கிற வீட்டில் இந்த ஒரு அறிவிப்பினால் வந்த சேதம் கொஞ்சநஞ்சமல்ல.

அரசு மருத்துவமனைக்குக் காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கி வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். தனியாகப் போகப் பயப்படுகிறவர்களுக்குக் கூடப்போகவும், அந்த நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் மனதுள்ள சகோதர சகோதரிகள் என்னிடத்தில் பெயர் கொடுங்கள். துணை தேவைப்படுகிறவர்கள் முந்தின நாள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எதற்காக என்று கேட்கமாட்டோம்.